குடிகாரன் வேஷம் போட்ட கதையும் நாடக சிகிச்சையும்

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். ஏழு நாள் முகாம். காலையில் கோவில் வாசலைக் கூட்டுவது, மத்தியானம் மரக்கன்று நடுவது, பொழுது சாய்ந்ததும் விழிப்புணர்வு நாடகம். மது ஒழிப்பு நாடகத்தில் குடிகாரன் வேஷம் எனக்கு. கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, கையில் காலி பாட்டிலுடன் மந்தையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தள்ளாடுவேன். பொண்டாட்டியை அடிக்கக் கை ஓங்குவேன் (பொண்டாட்டி எங்கள் வகுப்புப் பையன்தான், சேலை கட்டியிருந்தான்). கால் தடுக்கிச் சாக்கடையில் விழுவேன். கடைசியில் ரத்த வாந்தி எடுத்துச் செத்துப்போவேன். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நான் சாகும்போதுகூடச் சிரித்தார்கள். எங்கள் பேராசிரியர் தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை, பெரிய நடிகன் என்று நினைப்பு.

அந்தக் கூட்டத்தில் என் அம்மாவின் தம்பியும் இருந்தார். பக்கத்து ஊர்தான் அவருக்கு. மருமகன் நடிக்கிறான் என்று டிவிஎஸ் ஃபிப்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நாடகம் முடிந்து தேடினேன், ஆளைக் காணோம். அப்போது மாமா ஒரு போதை மீட்பு மையத்திலிருந்து வீட்டுக்கு வந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அன்று ராத்திரி மறுபடி குடித்தார்.

என் நாடகத்தால்தான் குடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. "குடிக்கிறவனுக்குக் காரணமாடா கிடைக்காது?" என்பார். ஆனால் ஒன்று மட்டும் பிறகு ஒரு நாள் சொன்னார். "நீ விழுந்தப்ப எம்பக்கத்துல இருந்தவன் என்னையப் பாத்துச் சிரிச்சாம்டா."

இந்தப் பதிவு அந்தச் சிரிப்பைப் பற்றியது. நோயாளியைப் பற்றி மற்றவர்கள் போடும் நாடகம் ஒன்று இருக்கிறது, நோயாளியே தனக்காகப் போட்டுக்கொள்ளும் நாடகம் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் முதலாவது கொட்டிக் கிடக்கிறது. இரண்டாவது அநேகமாக இல்லை.

மாமாவை மறுபடி சேர்த்தோம், இந்த முறை வேறு மையம். பெயர் வேண்டாம். அங்கே மாத்திரை, ஆலோசனை, குடும்பத்தாரோடு பேச்சு இவற்றோடு வாரத்துக்கு ஒரு நாள் நாடக வகுப்பும் இருந்தது. 'நாடகம்' என்றதும் மாமாவுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கிறது. போய் உட்கார்ந்தால் மேடையும் இல்லை, வேஷமும் இல்லை, பார்வையாளரும் இல்லை. பத்துப் பேர், ஒரு அறை, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. நடத்துகிறவர் ஒரு பெண். அறைக்குள் நடப்பது அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், யாரும் எந்த நேரத்திலும் "வேண்டாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம் - இந்த இரண்டுதான் சட்டம். (இங்கே எழுதுவது மாமா சம்மதித்த அளவு மட்டும். மற்றவர்களுடைய கதையை அவர் எனக்கே சொல்லவில்லை.)

மாமாவுக்குக் கொடுத்த காட்சி: கிடாவெட்டு. பந்தி முடிந்து புளியமரத்தடியில் சேக்காளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் எழுந்து வந்து, "மாப்ள, ஒரே ஒரு கட்டிங். உனக்காக இல்லேன்னாலும் எனக்காக" என்கிறார். மாமா மறுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

முதல் தடவை ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லையாம். நடிப்பு என்று தெரிந்தும் கை நீண்டுவிட்டது! எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது வேறு மாதிரிச் சிரிப்பு என்கிறார் மாமா, சிரித்த ஒவ்வொருவனுக்கும் அதே கைதான். இரண்டாவது தடவை குடியின் தீமைகள் பற்றிப் பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தார். எதிராளி பதிலுக்குப் பதில் பேசிப் பேசியே அவரை மடக்கிவிட்டார். மூன்றாவது தடவை பேச்சே கிடையாது. "பிள்ளையக் கூப்பிடப் போகணும்" என்று சொல்லிவிட்டு நேராக வண்டிப் பக்கம் நடந்தார். அந்த அறையில் வண்டி ஏது, ஒரு நாற்காலிதான் வண்டி. ஆறு மாதம் கழித்துச் சொந்தத்தில் ஒரு கேதத்துக்குப் போன இடத்தில் நிஜமாகவே அது நடந்தது. வாய் அதே வாக்கியத்தைச் சொல்லிற்று, கால் தானாக வண்டிக்குப் போயிற்று என்றார்.

உளவியல் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. நான் வணிகவியல் படிக்கிறவன், எனக்குப் புதிது. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர், குடியை விட்டவர்கள் எந்தச் சூழ்நிலையில் மறுபடி விழுகிறார்கள் என்பதை ஆராய்ந்து 1985இல் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு புத்தகமே கொண்டுவந்தார். மனம் சரியில்லாத நேரம், யாருடனாவது சண்டை, பழக்கவழக்கத்தில் வரும் வற்புறுத்தல் - இவைதான் அவர் கண்ட பெரிய குழிகள். குழி எங்கே என்று தெரிந்தால் அதைத் தாண்டிப் பழகலாம் என்பது அவர் கட்சி. நடித்துப் பழகுவது அதற்கு ஒரு வழி. நம் ஊரில் வற்புறுத்தல் எப்படி வரும் என்று வெளியூர்ப் புத்தகத்துக்குத் தெரியாது. காதுகுத்து, மொய் விருந்து, கேதம், தேர்தல், ஜல்லிக்கட்டில் மாடு ஜெயித்தது, மாடு தோற்றது என்று நம் பட்டியல் தனி.

இரண்டாவது காட்சிதான் மாமாவைப் புரட்டிப் போட்டது. அவரை அவருடைய மகளாக உட்காரச் சொன்னார்கள். அப்போது அவள் எட்டாம் வகுப்பு. நடத்துகிறவர் கேட்டார், "பாப்பா, அப்பா வண்டிச் சத்தம் கேட்டா நீ என்ன பண்ணுவ?"

மாமா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மகளாகப் பதில் சொன்னார். "ஸ்டாண்டு போடுற சத்தத்தக் கேப்பேன். ஒரே தடவையில போட்டா எந்திரிச்சு வெளிய வருவேன். ரெண்டு மூணு தடவ ஆச்சுன்னா தூங்குற மாதிரி படுத்துக்குவேன்."

இது தனக்குத் தெரியும் என்பதே அந்த நிமிஷம் வரைக்கும் தனக்குத் தெரியாது என்கிறார் மாமா. யாரும் அவரிடம் சொன்னதில்லை. நாங்கள் எத்தனை முறை அவரிடம் "பொம்பளப் பிள்ளைய நெனச்சுப் பாருங்க மாமா" என்று கெஞ்சியிருக்கிறோம்! நினைத்துப் பார்ப்பது வேறு, அவளாக உட்கார்ந்து பதில் சொல்வது வேறு போலிருக்கிறது.

இந்த முறைக்கு மூலவர் ஜேக்கப் மொரேனோ. 1889இல் பிறந்து வியன்னாவில் மருத்துவம் படித்தவர். 1920களின் தொடக்கத்தில் அங்கே எழுதப்பட்ட வசனமே இல்லாத ஒரு நாடக அரங்கை நடத்தினார். மேடையில் எப்போதும் சாதுவான பெண்ணாக நடித்த ஒரு நடிகை, வீட்டில் கணவரிடம் கோபத்தில் வெடிப்பாராம். மொரேனோ மேடையிலேயே அவருக்குக் கோபக்காரப் பாத்திரங்களைக் கொடுக்க, வீட்டில் அமைதியானார் என்பது மொரேனோவே சொன்ன கதை. (தன் மருந்தைப் பற்றி வைத்தியரே சொல்லும் கதையைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்க வேண்டும்.) 1925இல் அமெரிக்கா போனார். 1936இல் நியூயார்க் மாநிலத்தில் பீக்கன் என்ற ஊரில் சிறிய மனநல மருத்துவமனை ஒன்றைத் தொடங்கி, அதற்குள் ஒரு மேடையும் கட்டினார். இடம் மாற்றி நடிப்பது, காலி நாற்காலியோடு பேசுவது எல்லாம் இவர் வழியில் வந்தவை. இதற்கு உளநாடகம் என்று பெயர். அதில் ஆள் தன் சொந்தக் கதையையே நடிப்பார். பிறகு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த நாடக சிகிச்சை கொஞ்சம் விலகி நிற்கிறது. சொந்தக் கதை வேண்டாம், ஒரு நாட்டுப்புறக் கதையோ முகமூடியோ பொம்மையோ போதும், அதற்குள் ஒளிந்துகொண்டு பேசட்டும் என்று விட்டுவிடும்.

இந்த வித்தியாசம் சும்மா பாடப்புத்தக வித்தியாசம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. குடியிலிருந்து தெளிந்த என் மாமாவைச் சொந்தக் கதையை நடிக்கச் சொல்லலாம். மனச்சிதைவு நோய் முற்றிய நிலையில், காதில் குரல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய், "நீங்கள் இப்போது உங்கள் அப்பா" என்று சொல்லலாமா? எது தான், எது அடுத்தவர் என்ற கோடே அவருக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. அவருக்கு முதலில் மருந்து வேண்டும். மருந்தில் கொஞ்சம் நிலைப்பட்ட பிறகும் மிச்சமிருக்குமே, பேச்சு குறைவது, முகத்தில் சலனம் இல்லாமல் போவது, நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது... நாடகத்துக்கு வேலை அங்கேதான். அதுவும் சின்னச் சின்னதாக. இல்லாத பந்தை ஒருவர் எறிய இன்னொருவர் பிடிப்பது, இல்லாத டீயை ஆற்றிக் குடிப்பது, பஸ் கண்டக்டரிடம் சில்லறை கேட்பது. பார்க்கிறவருக்குக் குழந்தை விளையாட்டாகத் தெரியும். இரண்டு வருஷமாக யார் கண்ணையும் பார்க்காத ஒருவர் பந்து வரும் திசையைப் பார்த்தால் அது விளையாட்டா?

சரி, இதற்கு ஆதாரம் உண்டா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவுக்கு நாடக சிகிச்சை பலன் தருகிறதா என்று காக்ரேன் அமைப்பு 2007இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. உலகம் முழுக்கத் தேடி, தரம் பார்த்து வடிகட்டிய பின் மிஞ்சியவை 5 ஆய்வுகள், அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 210 பேர். முடிவு: பலன் உண்டு என்றும் சொல்ல முடியாது, தீங்கு என்றும் சொல்ல முடியாது. ஆகவே "நாடகத்தால் மனநோய் குணமாகும்" என்று யாராவது நோட்டீஸ் அடித்தால் நம்பாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று சொன்னால் ஓடி வந்துவிடுங்கள். மாமாவும் மருத்துவர் சொன்ன மாத்திரையை விடவில்லை. அவர் வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் குடியை விட்டுவிடவும் இல்லை. நான் கேட்பதெல்லாம், டிவி பார்ப்பதும் தாயம் விளையாடுவதுமாகக் கழிகிற மையங்களின் மதியப் பொழுதில் வாரம் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுத்தால் என்ன, முறையாகக் கணக்கு வைத்துப் பார்த்தால் என்ன என்பதுதான்.

இந்த இடத்தில் நண்பன் ஒருவன் குறுக்கே வந்தான். "இதெல்லாம் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்குடா. கோடாங்கி பண்றது நாடகம் இல்லாம என்ன? வெள்ளைக்காரன் சொன்னாத்தான் நம்புவியா?"

பாதி சரி. உடுக்கை அடிக்கும்போது, "யாரு நீ? எந்த ஊரு? இந்தப் பிள்ளைய எதுக்குப் புடிச்ச?" என்று கோடாங்கி கேட்கிறார். அந்தப் பெண் வேறு குரலில் பதில் சொல்கிறாள். மருமகளாக ஒரு நாளும் சொல்ல முடியாததைப் பேயாக இருந்து சொல்லிவிடுகிறாள், மாமியார் காதுபடவே. அடுத்தவர் குரலில் தன் வலியைச் சொல்வது என்ற சூத்திரம் அங்கேயும் இருக்கத்தான் செய்கிறது. கோவிலில் தங்குவதால் சிலருக்கு நல்லது நடக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. தமிழ்நாட்டில் முத்துசாமி கோவில் ஒன்றில் வந்து தங்கிய 31 பேரை மருத்துவர் ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்தார்கள். நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்ததாக 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அங்கே அடி உதை கிடையாது, பெரிய சடங்குகூடக் கிடையாது. இடம் கொடுத்தார்கள், மனுஷனாக நடத்தினார்கள், அவ்வளவே.

மீதிப் பாதியில்தான் எனக்கு நண்பனோடு சண்டை. கோடாங்கியின் நாடகத்தில் அந்தப் பெண்ணுக்கு என்ன வேஷம் என்பதை அவள் தீர்மானிப்பதில்லை. "வேண்டாம்" என்று சொல்லி உட்கார முடியாது. சொன்னால் அதையும் பேய் சொன்னதாக எடுத்துக்கொண்டு சாட்டை இன்னும் ஓங்கும். இதன் மறுகோடியில் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். மதுரையிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். அதற்குப் பதினாறு வருஷம் கழித்து வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. மது, போதையால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அதாவது நான் சாக்கடையில் விழுந்து காட்டிய அந்த ஆள் சட்டப்படி சிகிச்சைக்கு உரிமையுள்ளவர். ஆனால் எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019இல் வெளியானபோது, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மற்ற 37 பேரையும் வைத்து நாம் விழிப்புணர்வு நாடகம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் இதைக் கொஞ்சம் வேறு விதமாகச் செய்தார்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை 1985இல் இயக்கிய க. சிதம்பரநாதன், பிறகு போரில் நொந்த மக்களே கூடிப் பாடி, பேசி, ஆடுகிற களமாக அரங்கை மாற்றப் பார்த்தார். சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' போர் மனங்களை என்ன செய்தது என்பதையே பொருளாகக் கொண்டது. அங்கே யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அழுதார்கள், அழ இடம் கிடைத்தது.

மதுரைக்கு வருவோம். இங்கே என்ன இல்லை? மனநோயாளிகளின் மறுவாழ்வுக்காக மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992லிருந்து இருக்கிறது. காமராசர் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த பரசுராம் ராமமூர்த்தி, 'வேள்வி' என்ற அமைப்பின் மூலம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு நாடகம், முகமூடி வழியாக வேலை செய்து காட்டியவர் (ஆட்டிசம் மனநோய் இல்லை, வழி ஒன்று என்பதற்காகச் சொல்கிறேன்). நடிகர்களுக்கா பஞ்சம்? சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய ஊர் இது. பங்குனி சித்திரையில் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிராமத்துத் திருவிழாவுக்குப் போனாலும் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கும். அது ஏன் 'ஸ்பெஷல் நாடகம்'? ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைக்கிறார்கள். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள், எதிராளி எதைப் போட்டாலும் அந்த நொடியே பதில் கொடுப்பார்கள். மொரேனோ வியன்னாவில் தலைகீழாக நின்று உண்டாக்கப் பார்த்த திறமை இவர்களுக்குச் சாப்பாட்டுத் தொழில்!

திருவிழாக் காலம் முடிந்தால் இவர்களில் பலருக்கு வேலை இல்லை. மனநல மருத்துவர் ஒருவர், பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர், கூட ஒரு பபூன் - இப்படி ஒரு கூட்டணி அமைத்துப் பார்க்கலாமே என்பது என் ஆசை. பபூனைத் தனியாக அனுப்பக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பூட்டியிருக்கிற ஒன்றை நாடகம் சட்டென்று திறந்துவிடும். திறந்தபின் மூடத் தெரிந்தவர் பக்கத்தில் வேண்டும். மாமா மகளாகப் பேசிய அன்று முக்கால் மணி நேரம் அந்தப் பெண் அவரோடு உட்கார்ந்திருந்தாராம், முகம் கழுவி, டீ குடித்து, "இப்ப நீங்க யாரு?" என்று கேட்டு, அவர் தன் பெயரையும் ஊரையும் சொன்ன பிறகுதான் வார்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

இன்னொரு பயமும் இருக்கிறது. இந்த வகுப்புகள் பிரபலமானால் அக்டோபர் 10, உலக மனநல நாளன்று நோயாளிகளை மேடையேற்றி, சிறப்பு விருந்தினர் முன்னால் நடிக்க வைத்து, சால்வை போட்டுப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பார்கள். விரும்பி மேடை ஏறுகிறவர் ஏறட்டும், அது அவர் உரிமை. மையத்தின் பெயருக்காக ஏற்றினால் அதற்கும் என் சாக்கடைக் காட்சிக்கும் என்ன வித்தியாசம்?

இந்த வருஷம் முகாமுக்கு இளையவர்களோடு நானும் போனேன். பழைய நாடகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டோம். குடிகாரனே கிடையாது. குடியை விட்ட ஒருவன் கிடாவெட்டுக்குப் போகிறான், சேக்காளி கட்டிங் நீட்டுகிறான், அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "இப்ப இவன் என்ன சொல்லலாம்? தெரிஞ்சவங்க வந்து செஞ்சு காட்டுங்க" என்று கூட்டத்தைக் கேட்டோம். பிரேசில்காரர் அகஸ்தோ போவால் செய்துகாட்டிய முறை, நாங்கள் கடன் வாங்கினோம். ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. பிறகு ஒரு அம்மா எழுந்து வந்து, மறுக்கிறவனை விட்டுவிட்டு, நீட்டுகிறவனிடம் போய், "நாளைக்கு இவன் வீட்டுக்குக் கஞ்சி நீ ஊத்துவியா?" என்று கேட்டார். மந்தையில் சத்தமே இல்லை.

போகும் முன் மாமாவையும் கூப்பிட்டிருந்தேன். அந்த மூன்றாவது தடவையை ஊருக்கு ஒரு முறை நடித்துக் காட்டுங்களேன் என்றேன்.

"போடா மருமகனே. அது அந்த ரூமுக்குள்ள" என்றார்.